பாடம் போட்ட பூ

வெட்டிய கிளைகளைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட நான்காம் நாள் காலையில், அவற்றின் நுனிகளெல்லாம் மேல்நோக்கி வளைந்திருப்பதைத் தனிஸ்லாஸ் பார்த்தார்.

கட்டிய கொடிக்கயிறு தொய்ந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தார். டார்ச்சைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தால் கொடி விறைப்பாகத்தான் இருந்தது. நான்கு செடி, இருபத்திரண்டு கிளை. அடித்தண்டு மேலே, பூங்கொத்து கீழே என்று ஒவ்வொன்றாகச் சணல் போட்டு அவரே கட்டியவை. இப்போது ஒவ்வொரு கிளையும் தூண்டில் முள்ளைப் போலத் திரும்பிக் கூரையைப் பார்த்தது. வேர் கிடையாது, மண் கிடையாது, நான்கு நாளாக ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஜன்னலில் கறுப்புத் துணி அடித்திருந்ததால் வெளிச்சமும் கிடையாது. ஆனாலும் மேல் எது, கீழ் எது என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

கதவைச் சாத்திவிட்டு வந்து வகிதாவுக்குப் போன் செய்தார்.

வகிதா, மலை மருந்துச்செடி நிலையத்தின் ஆய்வாளர். தீராத வலி உள்ளவர்கள் டாக்டர் சீட்டு இருந்தால் வீட்டிலேயே நான்கு கஞ்சாச் செடி வரை வளர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. விதை கொடுப்பது, செடியை எண்ணுவது, அறுத்த பூவை எடை போட்டு ஜாடிக்கு முத்திரை ஒட்டுவது எல்லாம் அவள் வேலை. தாண்டிக்குடிக்கும் பெரும்பாறைக்கும் நடுவில் பல வீடுகள் அவள் பொறுப்பில் இருந்தன.

"நுனி திரும்பிருச்சா? பயப்படாதீங்கண்ணே, இந்த ரகம் அப்படித்தான்," என்றாள். "பூஞ்சணம் ஏதும் தெரியுதா?"

"இல்ல மேடம். சுத்தமா இருக்கு."

"அப்ப சரி. ஃபேன் காத்து நேரா பூ மேல படாம பாத்துக்கங்க. தண்டை மடக்கினா டிக்குன்னு ஒடியணும். வளைஞ்சா இன்னும் காயலேன்னு அர்த்தம்."

"அறுத்துப் போட்டது எப்படி மேடம் திரும்பும்?"

"நேர்ல வந்து சொல்றேண்ணே," என்றாள்.

தனிஸ்லாஸ் இருபத்தாறு வருடம் வத்தலக்குண்டிலிருந்து மலைக்குப் பேருந்து ஓட்டியவர். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினார் என்று பெயர். மனைவி பிரகாசி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடியில் இருப்பவன் திரும்புகிற குரல். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவளுடைய வலது கன்னத்துக்குள் மின்னல் வெட்டியதுபோல் ஒன்று ஓடியது. பிரஷ் கீழே விழுந்தது. அன்றைக்கு ஆரம்பித்த வலி அதன்பிறகு நிற்கவில்லை. முகநரம்பு வலி என்றார்கள். மாத்திரைகள் தலையைச் சுற்றவைத்தனவே தவிர நோவைத் தொடவில்லை. மதுரையில் செய்த ஆபரேஷன் எட்டு நாள்கூடத் தாங்கவில்லை.

காற்று பட்டால் வலி. தண்ணீர் பட்டால் வலி. மென்றால் வலி. பேசினால் எல்லாவற்றையும்விட வலி. மலையில் காற்றில்லாத நாள் ஏது? பிரகாசி ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு, கம்பளித் துண்டால் முகத்தை மூடி, பள்ளிக்கூடத்துச் சிலேட்டு ஒன்றில் எழுதிக் காட்டி வாழப் பழகினாள். தனிஸ்லாஸ் அவள் கன்னத்தைத் தொட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. போன வருடம் ஒரு மத்தியானம் அவள் சுவரில் தலையை மெல்ல மெல்ல, நிதானமாக, கணக்குப்போடுகிற மாதிரி மோதிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். மறுநாள்தான் விதைக்கு மனுக் கொடுத்தார்.

பதினான்காம் நாள் வகிதா வந்தாள். ஐப்பசி மழை நின்று, மூடுபனி வாசல் வரைக்கும் வந்து நின்றிருந்தது. பின்னறையில் முன்பு மிளகு மூட்டை அடுக்குவார்கள். இப்போது அங்கே ஈரம் உறிஞ்சும் பெட்டி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அவள் ஒரு கிளையை எடுத்து மடக்கினாள். டிக்கென்று ஒடிந்தது.

"நல்லாக் காய வச்சிருக்கீங்கண்ணே. பாதி வீட்டுல பூஞ்சணம் பிடிச்சுத் தூக்கிப் போட்டுருவாங்க. இந்தப் பனியில கஞ்சாவைக் காயவைக்கறதே பெரும்பாடு. அதுக்காகத்தான் இந்த ரகத்தையே பண்ணினாங்க."

"என்ன பண்ணினாங்க?"

அவள் பூக்களைக் காம்பிலிருந்து கத்தரித்துக்கொண்டே சொன்னாள். விரலெல்லாம் பிசின் ஒட்டியது. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டாள். "பாறை மேல ஒரு செடி உண்டு, பாத்திருப்பீங்க. கோடையில சருகாச் சுருண்டு கிடக்கும். செத்துப்போச்சுன்னு நினைப்போம். ஒரு மழை விழுந்தா மறுநாள் பச்சையா விரிஞ்சு நிக்கும். அதுக்குள்ள ஒரு சாறு இருக்கு. தண்ணி போகப்போக அது கண்ணாடி மாதிரி இறுகி, உள்ள இருக்கறதை எல்லாம் கெடாமப் பிடிச்சு வச்சுக்கும். அந்தக் குணத்தை எடுத்து இந்தச் செடிக்குள்ள வச்சாங்க. பூஞ்சணம் அண்டாது, ஒரே சீராக் காயும்."

தனிஸ்லாஸ் மேசை மேல் கிடந்த பூக்களைப் பார்த்தார். "அப்ப இது செத்துப்போகலையா?"

"காஞ்சிருக்குண்ணே," என்றாள் வகிதா. "அவ்வளவுதான்."

பதினாறு கண்ணாடி ஜாடிகளில் முக்கால் அளவுக்குப் பூக்களை நிரப்பினார்கள். ஒவ்வொரு மூடியிலும் ஒரு சின்ன ஈரமானி. ஈரம் அறுபத்திரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறினால் மூடியைத் திறந்து ஆறவிட வேண்டும். காலையில் கால் மணி நேரம், மாலையில் கால் மணி நேரம். பச்சைப்புல் வாசம் போய் நல்ல வாசம் வரும்வரை இப்படியே செய்ய வேண்டும்.

"இதைத்தான் பாடம் போடறதுங்கறோம்."

"புகையிலைக்குச் சொல்லுவாங்களே, அதே பாடமா?" பேருந்து மேலே புகையிலைச் சிப்பம் ஏற்றிய காலம் அவர் நினைவுக்கு வந்தது. "செத்த புலியை வைக்கோல் அடைச்சு நிறுத்துறதையும் பாடம்னுதான் சொல்லுவாங்க."

வகிதா சிரித்தாள். "மூணு வாரம் போதும்ணே. அதுக்குமேல வச்சா வாசமும் பக்குவமும் கூடும்பாங்க. அது உங்க இஷ்டம்."

அந்தக் கடைசி வார்த்தைக்காக அவள் பின்னால் ரொம்ப வருந்தினாள். தனிஸ்லாஸ் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. மூன்று வாரம் போதும் என்றால் அவர் மூன்று மாதம் வைப்பார்.

ஜாடிகள் பாடத்தில் இருந்த அந்த மாதங்களில் அவர் ஒன்றைக் கவனித்தார். காலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் பதினாறு ஈரமானிகளும் ஒன்றாக ஏறும். மூடியைத் திறந்தால் பெருமூச்சு விட்டதுபோல் வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடிக்கும். கால் மணி நேரத்தில் எண்கள் ஒன்றாக இறங்கும். ஒரு நாள் ஆறரைக்குத் திறந்தார். ஈரமானிகள் எழுபதைத் தாண்டி, கண்ணாடியின் உட்புறம் மூச்சுப் பட்டதுபோல் பனித்திருந்தது. அதன்பிறகு அவர் நேரம் தவறவில்லை. எதற்கு என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. யாரையோ காத்திருக்க வைத்துவிட்டதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

மாசி மாதம் பூவை எண்ணெயில் இறக்கி, முதல் மூன்று சொட்டைப் பிரகாசியின் நாக்குக்கு அடியில் விட்டார். மறுநாளும் விட்டார். மூன்றாம் நாள் காலையில் பின்பக்கம் தண்ணீர் சத்தம் கேட்டு ஓடினார். பிரகாசி குழாயடியில் குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை வாரி வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தாள். முன்தலை நனைந்து, புடவை நனைந்து, அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"என்னங்க," என்றாள். நான்கு வருடத்தில் முதல் தடவையாக வாய் திறந்து. "சோப்பு எங்க வச்சிருக்கீங்க?"

தனிஸ்லாஸ் சோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அந்தப் பங்குனி மாதம் முழுக்க அவர்கள் பேசித் தீர்த்தார்கள். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அவள் முறுக்கு கடித்தாள். கோயில் பாட்டுக் குழுவில் போய் நின்று பாடினாள். அவர் தன் கன்னத்தை அவள் கன்னத்தில் வைத்துக்கொண்டு சும்மா படுத்துக் கிடப்பார்.

அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டாள் என்பதை முதலில் அவர் பொருட்படுத்தவில்லை. வேர்க்கவில்லை, தாகம் எடுக்கவில்லை என்றாள். சித்திரையில் வளையல் கையிலிருந்து தானாகக் கழன்று விழுந்தது. தோல் காகிதம்போல் ஆகி, நடக்கும்போது மெல்லச் சரசரத்தது. வத்தலக்குண்டு டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். நாடியைப் பிடித்தபோது மட்டும் தன் கடிகாரம் நின்றுவிட்டதா என்று இரண்டு தடவை பார்த்தார்.

சொட்டை நிறுத்திவிடலாம் என்று தனிஸ்லாஸ் சொன்னபோது பிரகாசி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் கனமே இல்லை.

"வேணாங்க. எனக்கு ஒண்ணும் பண்ணல. நான் ரொம்ப அமைதியா இருக்கேன். மறுபடி அந்த வலிக்குள்ள என்னை அனுப்பாதீங்க." கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "என்ன ஆனாலும் அனுப்பாதீங்க. வாக்குக் குடுங்க."

அவர் வாக்குக் கொடுத்தார்.

வைகாசியில் அவள் பகலெல்லாம் பின்னறையில் போய் உட்கார ஆரம்பித்தாள். அங்கே ஈரமில்லை, இதமாக இருக்கிறது என்றாள். ஆனி மாதம் ஒரு காலையில் அவர் போய்ப் பார்த்தபோது, கொடிக்குக் கீழே சுவரில் சாய்ந்து, கைகளை மடியில் கோத்து, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டார். உலுக்கினார். உடம்பு விறைக்கவில்லை, குளிரவில்லை, அறையின் சூடு எவ்வளவோ அவ்வளவு சூடாக இருந்தது. மூக்கருகே கண்ணாடியைப் பிடித்தபடி ஐந்து நிமிடம் நின்றார். கண்ணாடியில் மெல்லிசாக, ஒரே ஒரு தடவை, பனி படர்ந்து மறைந்தது.

கதவைத் திறந்து வைத்தபோது அவள் மார்பு ஒருமுறை நன்றாக ஏறி இறங்கியது. அப்போது மணி ஆறு.

அவர் போன் செய்ததும் வந்த வகிதா, பிரகாசியின் முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆச்சரியம் இல்லை என்பதைத் தனிஸ்லாஸ் கவனித்தார்.

"உங்களுக்குத் தெரியும்," என்றார்.

"போன மாசந்தான் தெரிஞ்சதுண்ணே. அந்தச் சாறு பூவோட நின்னுடும்னு நினைச்சோம். மூணு வாரப் பாடத்துல அது நிக்குது. மாசக்கணக்குல போட்டா ஜாடிக்குள்ளயே வேற ஒண்ணாப் பழுக்குது. அப்புறம் அது மனுஷ உடம்புக்குள்ளயும் போய் வேலை செய்யுது. எவ்வளவு நல்லாப் பாடம் போடுறீங்களோ அவ்வளவுக்கு."

"நல்லாப் போட்டது தப்பாப் போச்சா?"

அவள் பிரகாசியின் முந்தானையைச் சரிசெய்தாள்.

"மேலிடத்துக்கு எழுதினீங்களா?"

"எழுதினேன். கூர்ந்து கவனிக்கச் சொல்லியிருக்காங்க. ஃபார்முல 'நோயாளி அமைதியாக உள்ளார்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல டிக் போடச் சொன்னாங்க." அவள் குரல் தணிந்தது. "பொய்யும் இல்லையேண்ணே. அமைதியாத்தானே இருக்காங்க."

"திரும்பக் கொண்டு வர முடியுமா?"

"முடியும். ஈரம் குடுக்கணும். கொஞ்சம் கொஞ்சமா, நாலஞ்சு நாள். ஆனா வலியும் கூடவே வரும். ஒரு இம்மி குறையாம வரும்." எழுந்தாள். "வாங்க, ஒரு வீட்டைக் காட்டுறேன். பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

பெரும்பாறையில் காப்பித் தோட்டத்து ஓரம் ஒரு ஓட்டு வீடு. முன்னறையில் ஒரு பெண் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள். "ஆமா சார், உங்க கோரிக்கையைப் பதிவு பண்ணிட்டேன் சார்," என்று முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அவள் பெயர் ரேணுகா. அந்த வீட்டு மருமகள். ஓரத்தில் மாமியார் அங்கம்மாள் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி முறத்தில் குனிந்துகொண்டாள்.

ரேணுகா சாமான் அறையைத் திறந்தாள். சுற்றிலும் உமி மூட்டைகள். நடுவில் நாற்காலியில் அவளுடைய மாமனார் வெள்ளையப்பன். தோட்டத்தில் கணக்கராக இருந்தவர்; முதுகெலும்பில் புற்று. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. தோல் மட்டும் காய்ந்த பலாச்சுளைபோல் மினுமினுத்தது. பிரகாசியைப் போலவே கைகள் மடியில் கோத்திருந்தன.

"கார்த்திகையிலேர்ந்து இப்படித்தாண்ணே. நல்லா இருக்காரு," என்றாள் ரேணுகா. வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவள் போல இயல்பாகச் சொன்னாள். "உமி ஈரத்தை இழுத்துக்கும். காலையில ஆறு, சாயங்காலம் ஆறு, கதவைத் திறந்து வைப்போம். வேற ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல."

"தண்ணி?"

"வேணாம்னு தலையாட்டிட்டாரு, அப்பவே." அவள் கதவைச் சாத்தினாள். "முன்னாடி இந்த வீட்டுல இருந்து பாத்திருக்கணும் நீங்க. பகல் முழுக்கக் கத்துவாரு. எனக்கு மூணு வேலை போச்சு. லைன்ல இருக்கறவங்க, 'அங்க யாரையாவது போட்டு அடிக்கிறீங்களா'ன்னு கேப்பாங்க. அவரும் நிம்மதியா இல்ல, நாங்களும் நிம்மதியா இல்ல. இப்ப எல்லாருக்கும் நல்லது." ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டாள். "நாங்க தெரிஞ்சேதான் கூடுதலாப் பாடம் போட்டோம். வேற ஒரு வீட்டுல சொன்னாங்க."

திரும்பி வரும்போது ஜீப்பில் வகிதா சொன்னாள், "இன்னும் ரெண்டு வீட்டுல கேட்டிருக்காங்கண்ணே. எத்தனை மாசம் வைக்கணும்னு."

தனிஸ்லாஸ் வாக்கைக் காப்பாற்றினார். ஆனி போய் ஆடி வந்தது. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கதவைத் திறந்து, ஸ்டூலைப் போட்டு, பிரகாசியின் எதிரில் உட்கார்ந்து பேசுவார். பேருந்து வழித்தடம் மாறியதைச் சொன்னார். கோயில் கொடியேற்றத்தைச் சொன்னார். பெரும்பாறையில் உமி மூட்டைக்கு நடுவில் வெள்ளையப்பன் உட்கார்ந்திருப்பதையும், கால் மணி நேரம் கதவு திறப்பதையும், தண்ணீர் வேண்டாமென்று தலையாட்டியதையும் சொன்னார். கடைசியில் ஜாடியை மூடுவதுபோல் சத்தமில்லாமல் கதவை மூடுவார். அறைக்குள் கற்பூரமும் எலுமிச்சையும் மண்ணும் கலந்த ஒரு வாசம் நிறைந்திருந்தது. பாடம் முற்றிய ஜாடியில் இருந்த அதே வாசம். இது பூவிலிருந்து வருகிறதா, அவளிடமிருந்து வருகிறதா என்று அவர் யோசிக்காமல் இருக்கப் பழகினார்.

ஆவணி பிறந்த வாரம், மாலை வெளிச்சம் கதவு வழியாக அவள் முகத்தில் விழுந்தபோது, இடது கண்ணுக்குக் கீழே வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு. துணியால் துடைத்துவிட்டார். எட்டு நாள் கழித்து அதே இடத்தில் அதே கோடு மறுபடி இருந்தது.

அன்றைக்கு அவர் கதவை மூடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தார். உடம்பில் ஒரு சொட்டு ஈரம் மிச்சமில்லாதவள், எட்டு நாள் சேர்த்துச் சேர்த்து ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கிறாள். அமைதியாக இருப்பவள் எதற்கு அழ வேண்டும்?

மறுநாள் காலை ஈரம் உறிஞ்சும் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். ஜன்னலில் அடித்திருந்த கறுப்புத் துணியைக் கிழித்தார். பனி, கேட்டுக்கொண்டு நின்றதுபோல் உள்ளே வந்தது. நனைத்த வேட்டியை அவள் மேல் போர்த்தி, உதட்டில் பஞ்சால் இளநீர் தொட்டு வைத்தார். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் விரல் நுனிகள் உப்பின. மூன்றாம் நாள் அறைக்குள் ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த மரத்தில் மழை விழுந்தால் உள்ளே இருந்து வருமே, அப்படி ஒரு முனகல். அது அவள் மூட்டுகளிலிருந்து வந்தது. அன்று மாலை அவள் விழுங்கினாள். பஞ்சைப் பற்களால் கவ்விக்கொண்டு விடவில்லை. ஒரு சொம்பு, இரண்டு சொம்பு, மூன்று சொம்பு. தனிஸ்லாஸுக்குப் பயமாக இருந்தது.

நான்காம் நாள் கண்ணைத் திறந்தாள். திறந்த மறுகணம் அவள் வலது கன்னம் துடித்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கைகள் முகத்தை மூடப் பாய்ந்து, தொடமுடியாமல் காற்றில் நின்றன. எல்லாம் வந்துவிட்டது என்று தனிஸ்லாஸுக்குத் தெரிந்தது.

"என்னை மன்னிச்சிரு," என்றார். "வாக்குக் குடுத்தேன். முடியல. சிலேட்டு எடுத்துட்டு வரவா? பேசாத, பிரகாசி. எழுதிக் காட்டு."

அவள் வேண்டாமென்று கையை அசைத்தாள். விரல்களுக்குச் சாக்பீஸைப் பிடிக்கிற தெம்பு இல்லை. உதடு பிரிந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் முகத்துக்குள் மின்னல் வெட்டுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பெரும்பாறைக்காரருக்கு," என்றாள். நிறுத்தினாள். கண்ணிலிருந்து தண்ணீர் தாராளமாக வழிந்தது. "தண்ணி குடுங்க."

அவருக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. வெள்ளையப்பனை அவள் பார்த்ததே இல்லை. அந்த மனிதரைப் பற்றி அவர் அவளிடம் சொன்னதெல்லாம், அவள் சருகாய் உட்கார்ந்திருந்தபோது சொன்னது.

"நீ கேட்டுக்கிட்டா இருந்த?"

தலையசைத்தாள்.

"எல்லாத்தையும்?"

மறுபடி தலையசைத்தாள். "வலி போயிடுது," என்றாள். அவள் மூச்சு வாங்கினாள். "தாகம் போகல. அது மட்டுந்தான் இருக்கு. ராப்பகலா. வாய் திறக்க முடியல."

தனிஸ்லாஸ் வகிதாவுக்குப் போன் செய்து சொன்னார். அவள் உடனே ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். நீ வர வேண்டாம், நான் போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்று தனிஸ்லாஸ் பிரகாசியிடம் எவ்வளவோ சொன்னார். பிரகாசி முகத்தில் இரண்டு கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு, முன்னால் போய் ஜீப்பில் ஏறினாள்.

பெரும்பாறை வீட்டில் ரேணுகா வாசலுக்கு வந்தாள். ஹெட்செட்டை நெற்றிக்கு மேல் ஏற்றியிருந்தாள். தனிஸ்லாஸ் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள்.

"இது திறக்கிற நேரம் இல்லையேண்ணே," என்றாள். "ஆறு மணிக்குத்தான் திறப்போம். நடுவுல திறந்தா ஈரம் ஏறிடும்."

"ஏறணும்மா. அதுக்குத்தான் வந்திருக்கோம்."

"உங்க வீட்டம்மாவுக்கு அப்படி இருந்திருக்கும். மாமாவுக்கு அப்படியெல்லாம் இல்ல. முகத்தைப் பாத்தாலே தெரியுது. சிரிச்ச மாதிரி இருக்காரு." அவள் வகிதாவைப் பார்த்தாள். "நீங்களே போன வாரம் அமைதியா இருக்காருன்னு எழுதிக் குடுத்தீங்களே மேடம்."

வகிதா தலைகுனிந்தாள்.

தோட்டத்துப் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. பிரகாசி துண்டின் முடிச்சை அவிழ்த்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. காற்று முகத்தில் அடித்ததும் அவள் உடம்பு முழுவதும் ஒருமுறை தூக்கிப்போட்டது. தனிஸ்லாஸ் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கோணிப்போன வாயோடு அவள் ரேணுகாவைப் பார்த்தாள்.

"பாரும்மா," என்றாள். "என் வலி இது. இதுக்குள்ள நின்னு சொல்றேன். அந்தத் தாகத்தைவிட இது மேல்."

ரேணுகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கணினியில் அழைப்பு வந்தது. பழக்கத்தில் கை ஹெட்செட்டைக் கீழே இழுத்தது. "வணக்கம் சார், உங்களுக்கு என்ன உதவி வேணும் சார்," என்றபடி மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். கண்கள் மட்டும் வாசலிலேயே இருந்தன.

முறத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அங்கம்மாள் எழுந்தாள். பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டாள். யாரையும் பார்க்காமல் சாமான் அறைக்குள் போனாள். கதவு பாதி மூடிக்கொண்டது.

வாசலில் நின்ற மூவரும் உட்காரவில்லை. பிரகாசி மறுபடி துண்டைச் சுற்றிக்கொண்டாள். யாரோ ஒருவருக்கு ஏதோ ஒரு எண்ணைப் பதிவு செய்துகொண்டிருந்த ரேணுகாவின் குரல் மட்டும் கேட்டது. நெடுநேரம் கழித்து அங்கம்மாள் வெளியே வந்தாள். சொம்பைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள்.

"வாயில ஊத்தினேன். இறங்கிருச்சு," என்றாள். அவள் குரலை அவர்கள் அன்றைக்குத்தான் முதலில் கேட்டார்கள். "உதடு மூடாம இன்னும் கேக்குறாரு."

ரேணுகா பேச்சை நிறுத்தினாள். அந்தப் பக்கம் இருந்தவர் ஹலோ, ஹலோ என்று கூப்பிடுவது ஹெட்செட்டுக்கு வெளியிலும் மெல்லக் கேட்டது. அவள் பிரகாசியைப் பார்த்துக் கேட்டாள்.

"இனிமே கத்துவாருல்லக்கா?"

பிரகாசி துண்டுக்குள்ளிருந்து சொன்னாள். "கத்துவாரு."

அங்கம்மாள் பானையில் மறுபடி சொம்பை முக்கினாள். இந்தத் தடவை விளிம்பு வரைக்கும் மொண்டுகொண்டு, தரையெல்லாம் சிந்தச் சிந்த, மேசையோரமாக வந்து நின்றாள். ரேணுகா வாசல் பக்கம் திரும்பியதில் நாற்காலி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. ரேணுகா சற்று நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு காலை மடக்கி, நாற்காலியை இழுத்து, மாமியாருக்கு வழி விட்டாள்.